எம்.பி.பி.எஸ். முடித்தவர் கையில் எந்தத் தாள் எப்போது இருக்க வேண்டும்

களக்காட்டுப் பக்கம் ஒரு பிள்ளை எம்.பி.பி.எஸ். பாஸ் ஆகிவிட்டால் ஊர் அன்றைக்கே ‘டாக்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிடும். வாழைத்தார் ஏற்றிவிட்டு வீடு திரும்பும் அப்பாவும் பிள்ளை படித்து முடித்துவிட்டது என்றே நினைப்பார். ஆனால் அந்தப் பிள்ளை சொந்தப் பொறுப்பில் மருந்துச் சீட்டு எழுத இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆகும். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதில் சேர்ந்தவர்கள் பலருக்கு வீட்டிலும் தெருவிலும் விவரம் கேட்க ஒரு டாக்டர் கிடையாது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை இறுதியாண்டுத் தேர்வுக்கும் முந்தையது: பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால். பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதில் அப்பா பெயர் முழுதாக வந்திருக்கும். களக்காடு என்ற ஊர்ப் பெயரே ஆங்கிலத்தில் ஒரு ‘கே’ போட்டும் இரண்டு ‘கே’ போட்டும் எழுதப்படுகிறது. முகவரியில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், ஆள் பெயரில் விடமாட்டார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்திக்கொள்வதே சுலபம். 2024-இல் தொடங்கிய தேசிய மருத்துவப் பதிவேடும் ஆதாரைக் கொண்டே ஆளை அடையாளம் காண்கிறது.

அடுத்தது புரொவிஷனல் பதிவு. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் படித்தாலும் தேர்வு முடிவும் பாஸ் சான்றும் சென்னை கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும். அதைக் கொண்டு அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்க வேண்டும். 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த கவுன்சில் அது. விண்ணப்பம் இப்போது ஆன்லைனில்தான். ஆனாலும் அசலைக் காட்ட நேரில் வரச் சொன்னால் நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு, சுமார் 650 கிலோமீட்டர். கட்டணம், புகைப்படம், ஸ்கேன் எல்லாவற்றையும் முடிவு வருமுன்பே தயாராக வைத்திருங்கள். புரொவிஷனல் இல்லாமல் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, அதாவது சி.ஆர்.ஆர்.ஐ., தொடங்க முடியாது.

இங்கே தவறும் ஒரு வாரம் எங்கே போய் வெட்டும் என்பதைத்தான் பிள்ளைகள் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. பயிற்சி 12 மாதம். தொடங்குவது தள்ளினால் முடிவதும் அத்தனை நாள் தள்ளும். முதுநிலை நீட் எழுத வேண்டுமானால் குறிப்பிட்ட ஒரு தேதிக்குள் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். அந்தத் தேதியை டெல்லி தீர்மானிக்கிறது, தேர்வு முடிவு தேதியைப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்து வைக்கப்படுவதில்லை. கொரோனாவால் வகுப்புகள் தள்ளிப்போன பின் 2023 தேர்வுக்கு மார்ச் 31 என்று வைத்தார்கள். மாநிலத்துக்கு மாநிலம் பயிற்சி முடியும் நாள் வேறாக இருந்ததால் எதிர்ப்பு வந்தது. ஜூன் 30 என்றார்கள், பிறகு ஆகஸ்ட் 11 வரை நீட்டினார்கள். 2024-இல் தேர்வையே ஜூன் 23-க்கு முந்தின இரவு ஒத்திவைத்து ஆகஸ்ட் 11-இல் நடத்தினார்கள். சில நாள் வித்தியாசத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு முழு வருஷம் போய்விடும். வசதியுள்ள வீட்டில் அந்த வருஷம் கோச்சிங்கில் கழியும். கடன் வாங்கிப் படிக்கவைத்த வீட்டில் அது வட்டியாகக் கழியும். இது அநியாயம் என்றே நான் சொல்வேன்.

ஆகவே பயிற்சி நாட்களை எண்ணி வையுங்கள். 2021-இல் வந்த பயிற்சி விதிகளின்படி லீவு 15 நாள்தான். அதற்கு மேல் போனால் அத்தனை நாள் எக்ஸ்டென்ஷன். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், அக்கா கல்யாணம் என்று முதல் பாதியிலேயே லீவைத் தீர்த்துவிட்டால், பிறகு டெங்குவில் படுக்க நாள் இருக்காது.

லாக் புத்தகத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பக்கம்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வந்த நாள், எடுத்த லீவு, துறைத் தலைவர் கையெழுத்து, சீல். சர்ஜரி முடிந்த தேதியையே அடுத்த பிரிவின் தொடக்கத் தேதியாகவும் எழுதிவிட்டால் டீன் ஆபீஸில் புத்தகம் திரும்பி வரும். போஸ்டிங்கின் கடைசி நாளிலேயே கையெழுத்தை வாங்குங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தத் துறைத் தலைவர் மாற்றலாகி வேறு மாவட்டத்தில் இருப்பார். கிராமப்புற மருத்துவமனையில் செய்யும் சமூக மருத்துவப் போஸ்டிங் 12 வாரம். அங்கே இருப்பது வேறு சீல், அதை வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.

முடிந்ததும் நோ டியூஸ் படிவம்: நூலகம், விடுதி, மெஸ், துறைகள். இதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். அது கிடைத்தால்தான் பயிற்சி நிறைவுச் சான்று, அது இருந்தால்தான் நிரந்தரப் பதிவு. நிரந்தரப் பதிவு எண் இல்லாமல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் உதவி மருத்துவர் வேலைக்கும் போக முடியாது. பயிற்சியை முடித்தவர்களின் பட்டியலைக் கல்லூரி நேரே கவுன்சிலுக்கு அனுப்பினால் இந்த அலைச்சலில் பாதி தீரும். அந்த விவரங்கள் எல்லாம் அரசின் கையிலேயே இருக்கின்றன.

முதுநிலைக் கலந்தாய்வு இரண்டு இடத்தில். அரசுக் கல்லூரி இடங்களில் அகில இந்திய ஒதுக்கீடான 50 சதவீதம் டெல்லியில் உள்ள எம்.சி.சி. எனும் மருத்துவக் கலந்தாய்வுக் குழு வழியாக, மாநிலத்தின் 50 சதவீதம் கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழு வழியாக. இரண்டிலும் பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் விதி மாறுவதால் அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். அரசுப் பணியில் இருப்பவருக்கு மாநில இடங்களில் பாதி உண்டு. மாநிலம் அப்படி ஒதுக்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆனால் இடம் கிடைத்தபின் விடுவிப்பு ஆணை கைக்கு வர வேண்டும், சேரும் கடைசி நாளோ காத்திருக்காது. பணிச் சான்றுக்கான விண்ணப்பத்தை நீட் முடிவுக்கு முன்பே மேலதிகாரி மேசையில் வைத்துவிடுங்கள்.

சேரும் நாளில் அசல்கள் அத்தனையும் கல்லூரி வாங்கிக்கொள்ளும், படிப்பு முடியும்வரை திரும்ப வராது. அதற்கு முன் ஒவ்வொன்றிலும் அட்டெஸ்ட் செய்த நகல்களும் ஸ்கேனும் எடுத்து வீட்டில் ஒரு செட் வையுங்கள். கவுன்சில், நீட், கலந்தாய்வு எல்லாவற்றிலும் ஓ.டி.பி. வருவது பதிவு செய்த செல்போன் எண்ணுக்குத்தான். அப்பாவின் எண்ணைக் கொடுத்திருந்தால், அதை ரீசார்ஜ் இல்லாமல் அணைய விடாதீர்கள்.