கிதாருக்குப் பலாமரம்

வீணைக்கு உகந்த மரம் பலா என்பது நாம் அறிந்ததே. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபுத் தீவில் கிதாரும் அம்மரத்தால் செய்கின்றனர். தில்லியில் வளரும் நம் பிள்ளைகள் கிதார் விரும்பினால் பலாவைத் தேர்ந்தெடுக்கலாமா?

தேர்ந்தெடுக்கலாம். ஆயின், தந்திகளின் அதிர்வை ஏற்று ஒலிக்கும் மேற்பலகை இலேசாக இருத்தல் வேண்டும். அதற்கு ஸ்புரூஸ் மரமே பெரிதும் பயன்படுகிறது. பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் வைரம் பாய்ந்த பலா பொருந்தும்.

ஒன்றை மறத்தலாகாது. கடலோர ஈரக்காற்றில் இருந்த பலகை, தில்லியின் கோடை வறட்சியில் சுருங்கி வெடிக்கக்கூடும். ஆகவே, கிதார் வாழவிருக்கும் ஊரிலேயே பலகைகளைச் சில மாதங்கள் நிழலில் காற்றோட்டமாக அடுக்கி வைத்து, வறண்ட நாட்களில் ஒட்டுதல் நலம். பிறந்த மண்ணை விட்டு வந்த மரமும் புதிய ஊரின் காற்றோடு பழகிய பின்னரே நன்கு பாடும்.