பெட்ரோல் பம்பு போய்விட்டதா? முதலில் சேஸிஸ் நம்பரைப் பாருங்கள்

செல்ஃப் நன்றாக அடிக்கிறது. ஹாரன் கேட்கிறது, விளக்கு எரிகிறது. வண்டி மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய காரை வைத்திருக்கும் யாருக்கும் இது புதிதல்ல. வந்து பார்க்கும் மெக்கானிக் சாவியைத் திருப்பிவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: “பம்பு போயிருச்சுண்ணே.”

வீட்டு வாசலில் நடந்தால் இது வெறும் செலவு. கயத்தாறு வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் நடந்தால் கதை வேறு. கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் வேகத்தில் லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறக்கிற பாதை அது. பெட்ரோல் வரத்து நின்றதும் என்ஜின் அணைந்துவிடும். ஸ்டீயரிங் கனத்துப்போகும், பிரேக் இறுகும். ஜப்பானின் தொத்தோரி மாநிலத்தில் 2023 ஜூலையில், இப்படி எரிபொருள் பம்பு பழுதாகி விரைவுச்சாலையில் நின்றுபோன ஹோண்டா கார் ஒன்றின் பின்னால் பெரிய லாரி மோதி ஓர் உயிர் போனது. ஆகவே வண்டி ஒருமுறை ஓட்டத்தில் அணைந்து, கொஞ்ச நேரம் கழித்துப் பிடித்துக்கொண்டாலும், ‘சரியாயிருச்சு’ என்று அதே வண்டியில் மதுரைக்குக் கிளம்பாதீர்கள். நடுவழியில் நின்றுவிட்டால் வண்டியை இடதோரம் ஒதுக்கி, முக்கோணப் பலகையைத் தள்ளி வைத்து, எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டு 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

அடுத்து எல்லோரும் செய்வது, சாமான் கடைக்கு ஆள் அனுப்புவது. அதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து சேஸிஸ் நம்பரைப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அந்தப் பம்பைக் காசு வாங்காமல் மாற்றித் தர வேண்டியது வண்டியைச் செய்த கம்பெனியின் பொறுப்பாகவே இருக்கலாம்.

இது யூகம் இல்லை. ஹோண்டா நிறுவனம் இந்தியாவில் 2020இல் 65,651 கார்களையும், 2021இல் 77,954 கார்களையும் எரிபொருள் பம்பு மாற்றுவதற்காகத் திரும்ப அழைத்தது. 2024 நவம்பரில் மறுபடியும் 90,468 கார்கள். சிட்டி, அமேஸ், ஜாஸ் என்று நம் தெருக்களில் ஓடுகிற அதே வண்டிகள். மாருதி சுசுகி 2020இல் வேகன்ஆர், பலேனோ இரண்டிலும் சேர்த்து 1,34,885 கார்களை அழைத்தது. அதே இரண்டு மாடல்களில் 2019 ஜூலைக் கடைசியிலிருந்து நவம்பர் முதல் தேதிவரை தயாரானவற்றில் 16,041 கார்களுக்கு 2024 மார்ச்சில் இன்னொரு அறிவிப்பு வந்தது. எல்லாவற்றிலும் மாற்றம் இலவசம்.

உலகம் முழுக்க இப்படி லட்சக்கணக்கில் பம்புகள் போனதற்குப் பெரிதும் பேசப்பட்ட காரணம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் சக்கரம். டேங்க்குக்குள் பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்கும் பம்பில், பெட்ரோலைத் தள்ளிவிடும் இம்பெல்லர் அது. அடர்த்தி குறைந்த பிளாஸ்டிக்கில் வார்த்திருந்தால் நாளாக ஆகப் பெட்ரோலைக் குடித்து உப்பி, சுற்றியிருக்கும் கூட்டில் உரசி, கடைசியில் இறுகி நின்றுவிடும். வண்டியை நீங்கள் எவ்வளவு பொத்திப் பொத்தி வைத்திருந்தாலும் இது நடக்கும்.

ஹோண்டாவின் 2024 அறிவிப்பில் ஒரு வரி, வீட்டிலேயே வேலை பார்ப்பவர்கள் கண்ணில் பட வேண்டியது. 2017 ஜூனுக்கும் 2023 அக்டோபருக்கும் இடையில் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் கவுண்டரில் பம்பை உதிரியாக வாங்கிப்போய் மாட்டியவர்களும் வண்டியைக் கொண்டுவந்து காட்டும்படி அது சொன்னது. அதாவது பழைய பம்பு கெட்டுப் புதிதாக வாங்கி மாட்டினீர்களே, அந்தப் புதிய பம்பும் பழுதான வரிசையைச் சேர்ந்ததாக இருக்கலாம். கடை பில் கையில் இல்லாதவர் எந்தத் தேதியில் வாங்கினோம் என்று எதை வைத்துச் சொல்வார்?

நம் பக்கத்தில் சிக்கல் வேறொன்றும் இருக்கிறது. கரிசல் காட்டு ஊர்களுக்கு வருகிற கார்களில் நிறைய, சென்னையிலோ மதுரையிலோ ஒருவர் ஓட்டித் தீர்த்து, இன்னொருவர் வாங்கி, மூன்றாவதாக நம்மிடம் வந்தவை. கம்பெனியின் கடிதமும் குறுஞ்செய்தியும் முதல் உரிமையாளரின் பழைய விலாசத்துக்குப் போய்ச் சேரும். ஆர்.சி.யில் பெயர்கூட மாற்றாமல் விற்றவர் கையெழுத்திட்ட படிவத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். திரும்பப்பெறும் சலுகை வண்டிக்கு உரியது, ஆளுக்கு அல்ல. மூன்றாவது கைக்கு வந்த வண்டியானாலும் சேஸிஸ் நம்பர் பட்டியலில் இருந்தால் கேட்டு வாங்கலாம். கம்பெனியின் இணையதளத்தில் அந்த நம்பரை அடித்தாலே தெரிந்துவிடும். இணையம் ஒத்துவராதவர்கள் திருநெல்வேலியில் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்துக்கும் போனில் நம்பரைச் சொல்லிக் கேட்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 110ஏ பிரிவின்படி, பழுதுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி அரசே உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடப்பில் உள்ளன. 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி வரை அபராதம் உண்டு. ஆனால் இந்தக் கட்டாயம் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். பழைய வண்டிக்காரருக்கு மிஞ்சுவது கம்பெனி தானாக அறிவிக்கும் திரும்பப்பெறுதல். பழுது வெளியே வர எட்டு வருஷமும் ஆகலாம் என்னும்போது ஏழு வயதில் கோடு போட்டிருப்பது போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பட்டியலில் உங்கள் வண்டி இல்லையா? அப்படியானால் பழுது பம்பில்தானா என்று உறுதி செய்யுங்கள். ஒருவர் சாவியை ஆன் நிலைக்குத் திருப்ப, இன்னொருவர் பெட்ரோல் ஊற்றும் வாயருகே காதை வைத்தால், நல்ல பம்பு இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று முனகி நிற்கும். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃப்யூஸையும் ரிலேயையும் பாருங்கள். ஐந்து ரூபாய் ஃப்யூஸ் போனதற்கு ஐயாயிரம் ரூபாய்க்குப் பம்பு மாற்றிய வண்டிகள் உண்டு. டேங்க்கின் அடியில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டியதும் வண்டி பிடித்துக்கொண்டால், மோட்டார் சாகக் கிடக்கிறது என்று பொருள். சத்தம் வருகிறது, ஆனால் மேடு ஏறும்போது திணறுகிறது என்றால் பில்டர் அடைத்திருக்கலாம். கரிசல் புழுதிக்கும் நூறு ரூபாய்க்கு, நூறு ரூபாய்க்கு என்று அடித்து எப்போதும் ரிசர்வில் ஓட்டுவதற்கும் இதில் பங்கு உண்டு. பம்பு மோட்டாரைக் குளிரவைப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். அது அடிமட்டத்தில் கிடந்தால் மோட்டார் சூடேறிச் சீக்கிரம் தேயும்.

இனி வீட்டில் கழற்றுவது. பழைய ஆம்னி, அம்பாசிடர் போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் பம்பு என்ஜினோடு ஒட்டியிருக்கும். இரண்டு போல்ட்டில் வேலை முடியும். அவற்றிலும் பம்பு போனால் ஒரு பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி, டியூப் சொருகி, உயரத் தூக்கிக் கட்டி ஓட்டிப் போகும் பழக்கம் இன்னும் சாகவில்லை. ஓடுகிற வண்டிக்குள் திறந்த பெட்ரோல் பாட்டில் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்பு டேங்க்குக்குள்ளே இருக்கிறது. சிலவற்றில் பின்சீட்டைத் தூக்கினால் மூடி தெரியும். சிலவற்றில் டேங்க்கையே கீழே இறக்க வேண்டும். இறக்க வேண்டிய வண்டி என்றால் வீட்டில் தொடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் பெட்ரோல் நிறைந்த டேங்க்குக்கு அடியில் படுப்பது விஷப் பரீட்சை. காமன் ரெயில் டீசல் வண்டிகளின் உயர் அழுத்தக் குழாயையும் தொட வேண்டாம். ஆயிரம் பாருக்கு மேல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

தீப்பெட்டி செய்து பிழைக்கும் சீமைக்கு நெருப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பெட்ரோல் தீக்குச்சி மருந்தைப்போல உரசுகிற இடத்தில் பற்றுவதில்லை. மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை அது விடுகிறது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். காற்றில் நூற்றில் ஒன்றரைப் பங்கு கலந்தாலே போதும். போர்ட்டிகோவில் டேங்க்கைத் திறந்தால், வாசற்படி தாண்டி அடுப்படி ஸ்டவ்வுக்கோ, பூஜை விளக்குக்கோ, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இன்வர்ட்டருக்கோ அது போய்ச் சேரும். வண்டியைத் தள்ளி வெட்டவெளிக்குக் கொண்டுபோங்கள். கயத்தாற்றுக் காற்று காற்றாலையைச் சுழற்றுவதோடு பெட்ரோல் ஆவியையும் கலைத்துவிடும். ஆனால் ஆடியில் அதே காற்று புழுதியை அள்ளி டேங்க்குக்குள் போடும். ஆகவே மூடியைத் திறக்குமுன் அதன்மேல் படிந்த மண்ணை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். மூடியைத் திறந்தபின் துடைத்தால் அத்தனையும் உள்ளே விழும்.

குழாயில் அழுத்தம் இருக்கும். ரிலேயைப் பிடுங்கிவிட்டு என்ஜினை ஓடவிட்டால் தானே இறங்கும் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் வண்டிதான் ஓடவில்லையே! சில மணி நேரம் ஆறவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இணைப்பின்மேல் கனமான துணியைச் சுற்றிக்கொண்டு மெல்லத் தளர்த்துங்கள். டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்க வேண்டும். பூட்டு வளையத்தை ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டித் திருப்புவதுதான் ஒர்க்‌ஷாப் வழக்கம். இரும்பில் இரும்பு பட்டால் பொறி. மரக்கட்டையோ பித்தளைத் துண்டோ வைத்துத் தட்டுங்கள். டேங்க்கைத் தொடுமுன் வண்டியின் வெறும் இரும்பைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். பாலியெஸ்டர் சட்டை வேண்டாம். கம்பியில் தொங்கவிடும் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். வடித்த பெட்ரோலைப் பிளாஸ்டிக் வாளியில் பிடிக்காமல் மூடியுள்ள தகர கேனில் பிடியுங்கள். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானும் இரண்டு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீரை ஊற்றினால் எரிகிற பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும்.

டியூபை வாயில் வைத்து உறிஞ்சுகிற பழக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு மடக்கு தப்பி மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் புண்ணாகும். அப்படி விழுங்கியவருக்கு உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும்போது மறுபடி நுரையீரலுக்குள் போகும். 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தீப்பட்டுவிட்டால், புண்ணை இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பேனா மையும் பற்பசையும் வேண்டாம்.

புதிய பம்பை மாட்டும்போது பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போடாதீர்கள். பெட்ரோலில் ஊறி உப்பியது சரியாக உட்காராது. கசிவு அங்கேதான் தொடங்கும். சீட்டைப் போடுமுன் சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து, ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள்.

பம்பைக் கடையில் வாங்கினாலும் மெக்கானிக் மாற்றினாலும் இரண்டை விட்டுக்கொடுக்காதீர்கள்: பில்லும் பழைய பம்பும். கையிலே காசு, வாயிலே தோசை என்று நடக்கும் வியாபாரத்தில் பில் கேட்டால் ‘ஜி.எஸ்.டி. சேத்துக் கூட ஆகும் பரவாயில்லையா’ என்பார்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் பாகத்தின் எண்ணும் வாரண்டியும் இருக்கட்டும். ஒரிஜினல் என்று சொல்லி டூப்ளிகேட்டை விற்பது, வணிகச்சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். பழைய பம்பு உங்கள் சொத்து, சாட்சியும் அதுதான். பழுதை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க நுகர்வோர் ஆணையம் நினைத்தால், அனுப்புவதற்குப் பொருள் வேண்டுமே! அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு வழக்குப் போட முடியாது.

பெட்ரோலில் சந்தேகமா? பங்க்கில் வடிதாள் சோதனையும், ஐந்து லிட்டர் அளவு சோதனையும், அடர்த்தி சோதனையும் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலியத் துறை அமைச்சகமே 2025இல் சொல்லியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இதில் கவனம் கூடுதலாக வேண்டும்.

போட்ட பம்பு வாரண்டிக்குள் போய், கடைக்காரரும் ஒர்க்‌ஷாப்காரரும் ஒருவர்மேல் ஒருவர் சாட்டினால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட ஆணையம். கயத்தாற்றுக்காரருக்கு வீடு இருப்பது தூத்துக்குடி மாவட்டம், ஒர்க்‌ஷாப் பெரும்பாலும் திருநெல்வேலி. பழைய சட்டத்தில் எதிராளி இருக்கும் ஊருக்கோ சம்பவம் நடந்த ஊருக்கோ போக வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வயிற்றுப்பிழைப்புக்காகத் தானே ஓட்டும் லோடு ஆட்டோக்காரரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். ‘கமர்சியல் வண்டி, கேஸ் நிக்காது’ என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். மனுவோடு பில், வாரண்டிச் சீட்டு, ஆர்.சி. நகல், கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் நகல் இவற்றை இணையுங்கள். பழைய பம்பைப் பெட்ரோல் முழுக்க வடிந்து காய்ந்தபின் பையில் கட்டி, வீட்டுக்கு வெளியே வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள்.