குவாண்டம் சாவியின் விலை

2023-ம் வருஷம் ஏப்ரலில் இந்திய சர்க்கார் ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் தேசியக் குவாண்டம் திட்டத்தை அங்கீகரித்தது. 2,000 கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள நிலையங்களுக்கிடையே துணைக்கோள் மூலம் ரகசியச் செய்தி அனுப்புவது அதன் நோக்கங்களுள் ஒன்று. பொதுஜனப் பணம் செலவாகும் காரியமாதலால், இதன் பலன் எவ்வளவு என்று விசாரிப்பது நமது கடமையாகும்.

பென்னட், பிராஸார்ட் என்ற இரு அறிஞர்கள் 1984-ல் வகுத்த முறை இது. செய்தியைப் பூட்டும் சாவியை ஒற்றை ஒளித்துகள்களில் பொதிந்து அனுப்புவர். ஒற்றன் இடைமறித்து அளந்தால் துகளின் நிலை மாறும். பிழைகளின் பெருக்கத்தால் களவு வெளிப்பட்டு, அச்சாவி கைவிடப்படும். யுக்தி அழகானது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், மறுமுனையில் இருப்பவர் நம்மவர்தானா என்பதை ஒளித்துகள் சொல்லாது. அதற்குப் பழைய கணித முறையோ, முன்பே பகிர்ந்துகொண்ட ரகசியமோ வேண்டும். தூரம் செல்லச் செல்ல ஒளியும் தேய்கிறது. பெய்ஜிங்கிற்கும் ஷாங்காய்க்கும் இடையே 2017-ல் திறக்கப்பட்ட 2,000 கிலோமீட்டர் பாதையில் 32 நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சாவி வெளிப்பட்டே மறுபடி புறப்படுகிறது. அங்குள்ள காவலாளியை எதிரி விலைக்கு வாங்கினால் இயற்கை விதி என்ன செய்யும்? கருவிகளும் குற்றமற்றவை அல்ல. கடையில் விற்ற கருவிகளின் கண்ணைப் பிரகாசமான ஒளியால் மழுங்கச் செய்து, பிடிபடாமல் சாவியைக் கவரலாம் என்று 2010-ல் ஆராய்ச்சியாளர் காட்டினர்.

பழைய சங்கேதங்களில் ஆபத்துக்குள்ளானவை எவை? முன்பின் அறியாதவர் சாவி பரிமாறிக்கொள்ள உதவும் சில முறைகளே. குவாண்டம் கம்ப்யூட்டர் அவற்றை உடைக்க வல்லது என்று ஷோர் 1994-ல் காட்டினார். அத்தகைய பெரிய யந்திரம் இன்னும் பிறக்கவில்லை. ஆனால், இன்று கவர்ந்து சேமித்து வைக்கும் செய்தியைப் பின்னாளில் படிக்கலாமே! இதற்கு மாற்றாக, 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிலையம் மூன்று புதிய கணித முறைகளை வெளியிட்டது. இவற்றுக்குத் தனிப் பாதை வேண்டாம்; கையிலுள்ள போனிலேயே இயங்கும்.

கணிதமும் கைவிடலாம் என்பதை மறைக்க மாட்டோம். இத்தேர்வில் கலந்துகொண்ட ஒரு முறை, 2022-ல் சாதாரணக் கம்ப்யூட்டரால் சுமார் ஒரு மணி நேரத்தில் தகர்ந்தது. ஆகவே ஒளித்துகள் ஆராய்ச்சியை நிறுத்தும்படி நாம் கூறவில்லை. பாங்கி, ரயில்வே, சர்க்கார் இலாகாக்களில் பழைய சங்கேதங்களை மாற்றும் வேலைக்கே முதற் பணம் செல்ல வேண்டும் என்கிறோம்.