புதிய கடைத்தெருவில் நாமும் கடை விரிக்கலாமா?

பெருநாளைக்கு இன்னும் இரண்டு வாரங்களே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் தொதல் கொதித்துக்கொண்டிருக்கிறது. மகள் கைத்தொலைபேசியும் கையுமாக ஓடி வருகிறாள். "உம்மா, புதுசா ஒன்று வந்திருக்காம். எல்லாரும் அதிலதான் இருக்கிறாங்களாம். நம்மட தொதலையும் அதில போடுவமா?" என்று கேட்கிறாள்.

அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

இதைச் சின்னப் பிள்ளையின் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டிலிருந்தபடியே கேக் செய்தும், அபாயா தைத்தும், பலகாரம் சுட்டும் விற்கின்ற சகோதரிகள் இன்று நம் ஊர்களில் எத்தனையோ பேர். பிள்ளைகளின் டியூஷன் காசும் மின்சாரக் கட்டணமும் அந்த வருமானத்திலிருந்துதான் போகின்றன. கடை வாடகை கொடுக்க வசதியில்லாத அவர்களுக்கு பேஸ்புக்கும் வட்ஸ்அப்புமே கடை. ஆகவே புதிய சமூக ஊடகம் ஒன்று பிறக்கும்போது அங்கும் போகவேண்டுமா என்ற கேள்வி பெரிய கம்பனிகளுக்கு மாத்திரம் உரியதல்ல. அது உங்கள் நேரத்தையும் உழைப்பையும் பற்றிய கேள்வி.

ஒரு பிளெண்டரின் கதை

போனவர்கள் பயனடைந்ததுண்டா? உண்டு.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிளென்ட்டெக் என்றொரு கம்பனி பிளெண்டர் செய்து விற்கிறது. 2006ஆம் ஆண்டு வரை சாதாரண வீடுகளில் அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. கம்பனியின் தாபகர் டொம் டிக்சன், தனது இயந்திரத்தின் பலத்தைச் சோதிக்க மரத்துண்டுகளைப் போட்டு அரைத்துப் பார்ப்பது வழக்கம். அதைக் கண்ட விளம்பரப் பகுதி அலுவலர் ஒருவருக்கு யோசனை பிறந்தது. ஏறத்தாழ ஐம்பது டொலர் செலவில் சில பொருட்களை வாங்கினார்கள். வெள்ளை மேலங்கி அணிந்த டிக்சன், கண்ணாடிக் குண்டுகளைக்கூட பிளெண்டரில் போட்டு அரைத்துக் காட்டினார். அந்தப் படங்களை யூடியூப்பில் ஏற்றினார்கள்.

அப்போது யூடியூப்புக்கு வயது இரண்டுகூட ஆகவில்லை. ஆயினும் ஒரு வாரத்துக்குள் சுமார் அறுபது இலட்சம் தடவை அவை பார்க்கப்பட்டன. வீட்டுப் பாவனைக்கான பிளெண்டரின் விற்பனை பல மடங்கு உயர்ந்தது.

இந்த வெற்றியின் இரகசியம் என்ன? இடம் புதியது என்பது மட்டுமா? இல்லை. பொருள் உறுதியானது, அந்த உறுதியைப் பேச்சினால் அல்ல, கண்ணால் காணும்படி காட்டினார்கள். அசையும் படத்துக்கு ஏற்ற பொருள் அது. புதிய இடமும் பொருத்தமான பொருளும் ஒன்றுசேர்ந்தன.

முந்திப் போவதில் இன்னொரு இலாபமும் உண்டு. புதிய சந்தையில் விற்பவர் குறைவு. ஆகவே வாங்குபவரின் கண் நம்மீது படுவது இலகு. நாட்கள் செல்லச் செல்ல இடம் நெருக்கடியாகிவிடும். 2018 ஜனவரியில் பேஸ்புக் நிறுவனம், இனி நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கே முதலிடம், வியாபாரப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே காட்டப்படும் என அறிவித்தது. அதற்கு முன்னர் இலவசமாகக் கிடைத்த பார்வையைப் பிறகு பணம் கொடுத்து வாங்கவேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது.

அணைந்துபோன விளக்குகள்

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள்.

2011 ஜூனில் கூகுள் நிறுவனம் 'கூகுள் பிளஸ்' என்ற ஊடகத்தைத் தொடங்கியது. கூகுளே நடத்துகிறது, தோற்குமா என்று எண்ணி எத்தனையோ நிறுவனங்கள் அங்கே பக்கம் திறந்தன. 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கான அந்தச் சேவை மூடப்பட்டது. 2013 ஜனவரியில் டுவிட்டர் நிறுவனம் 'வைன்' என்ற செயலியை வெளியிட்டது. ஆறே விநாடிப் படங்கள்! இளைஞர்கள் அதில் மயங்கினார்கள். நான்கு ஆண்டுகளில் அதுவும் மூடப்பட்டது. அவற்றில் இரவு பகலாக உழைத்துச் சேர்த்த கூட்டம் என்னவாயிற்று? விளக்கு அணைந்ததும் கலைந்துபோயிற்று.

2023 ஜூலையில் வந்த 'திரெட்ஸ்' ஐந்தே நாட்களில் பத்துக் கோடிப் பேரைச் சேர்த்தது. இன்ஸ்டகிராமில் ஏற்கெனவே இருந்தவர்கள் சுலபமாக உள்ளே வரக்கூடியதாக இருந்ததே காரணம். ஆனால் சில வாரங்களில் அன்றாடம் அதைத் திறந்து பார்ப்போரின் தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதாகக் கணிக்கப்பட்டது. பின்னர்தான் அது மெல்ல மெல்ல வளர்ந்தது. பெயர் பதிந்தவர் எல்லோரும் வாடிக்கையாளர் அல்லர் என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

மற்றவர் காணியில் நம் கடை

கடை நடக்கும் காணி யாருடையது என்பதையும் யோசிக்கவேண்டும். 2020 ஜூன் 29ஆம் திகதி இந்திய அரசாங்கம் டிக்டொக் உட்பட 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தது. அதையே நம்பிப் பிழைத்தவர்கள் மறுநாள் வெறுங்கையோடு நின்றார்கள்.

நமக்கும் அனுபவம் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் வன்முறை நிகழ்ந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன பல நாட்கள் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலிலும் அவ்வாறே நடந்தது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி எந்த அரசாங்கமும் தடுக்காமலே, தொழினுட்பக் கோளாறினால், உலகம் முழுவதும் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணித்தியாலம் செயலிழந்தன. அந்நேரம் வந்திருக்கவேண்டிய ஓடர்களை யார் திருப்பித் தருவார்?

போவதற்கு முன் நான்கு கேள்விகள்

ஆகவே சகோதரிகளே, புதிய இடத்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்குமுன் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

முதலாவது: என்னிடம் வாங்குபவர்கள் அங்கே இருக்கிறார்களா? தொதலை வாங்குவது உங்கள் ஊர்த் தாய்மாரும் அடுத்த ஊர் உறவினரும். அவர்கள் வட்ஸ்அப்பில் இருக்கையில் வெளிநாட்டு இளைஞர்கள் ஆடிப்பாடும் இடத்தில் உங்களுக்கு என்ன வேலை?

இரண்டாவது: என் பொருள் அங்கே அழகாகத் தெரியுமா? கேக்குக்குப் பூ வைப்பதைக் குறும்படத்தில் காட்டலாம். ஊறுகாயின் சுவையை எப்படிக் காட்டுவது?

மூன்றாவது: தொடர்ந்து நடத்த எனக்கு நேரம் உண்டா? கேள்வி கேட்டவருக்குப் பதில் கிடைக்காத பக்கம், கதவு திறந்தபடி ஆளில்லாமல் கிடக்கும் கடையைப் போன்றது. அதனால் உங்கள் பெயருக்குத்தான் கெடுதி.

நான்காவது: எதைக் காட்டுவேன், எதைக் காட்டமாட்டேன்? பிள்ளைகளின் முகம், வீட்டு முகவரி, பெண்மக்களின் படம் இவையெல்லாம் ஒருமுறை வெளியே போனால் திரும்பி வராதவை. பொருளையும் உங்கள் கைகளையும் மாத்திரம் காட்டியே அழகாக வியாபாரம் செய்யலாம்.

இந்த நான்குக்கும் நல்ல பதில் இருந்தால் துணிந்து போங்கள். ஆனால் இருக்கும் கடையை மூடிவிட்டுப் போகாதீர்கள். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கி மூன்று மாதம் பாருங்கள். எத்தனை பேர் 'விருப்பம்' போட்டார்கள் என்று எண்ணாதீர்கள். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணுங்கள். ஒருவரும் வாங்கவில்லையாயின் வருத்தமின்றித் திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று. ஒரு கொப்பி வாங்கி, உங்களிடம் வாங்குபவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, எழுதி வையுங்கள். எந்த ஊடகம் மூடினாலும், எந்த அரசாங்கம் தடுத்தாலும் அந்தக் கொப்பி உங்களுடையது.

இப்போது மகளுக்குப் பதில் சொல்லலாம். "போடுவம் மகள். ஆனா முதல்ல போன பெருநாளைக்கு நம்மட்ட வாங்கின ஆக்களுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிட்டு வாங்க."

அதற்கிடையில் தொதல் அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொதல் நன்றாக இல்லாவிட்டால் எந்த விளம்பரம்தான் என்ன செய்யும்?