பார்வையற்ற உறவினருக்கு வானொலியும் கைத்தொலைபேசியும்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பத்துக்கு முதலில் நினைவுக்கு வருபவை கூரை, கிணறு, மலசலகூடம், பிள்ளைகளின் பாடசாலை. வானொலியும் தொலைபேசியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே பலரும் நினைக்கிறோம். வீட்டில் பார்வையற்ற ஒருவர் இருந்தால் இந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றி யோசிக்க வேண்டும்.

நலன்புரி நிலையத்தில் அடுத்த கொட்டகை கூப்பிடு தூரத்தில் இருந்தது. நிவாரணம் கொடுப்பதையும் கூட்டம் நடப்பதையும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பிய பின் அயல்வீடு பற்றைக்கு அப்பால் இருக்கிறது. முன்பு கையால் தடவி வழி கண்ட வேலியும் இல்லை, படலையடி வேம்பும் இல்லை. அறிவித்தல்கள் கடதாசியில் ஒட்டப்படுகின்றன. பார்வையுள்ளவர் ஒரு மாதத்தில் பழகிவிடும் இடத்தில், பார்வையற்றவர் தனித்துப் போய்விடுகிறார்.

கடந்த மாரியில் நாங்கள் போன ஒரு வீட்டில், ஷெல் வீச்சில் இரு கண்களையும் இழந்த ஐயா ஒருவர் இருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் விலையுயர்ந்த தொடுதிரைத் தொலைபேசி ஒன்றை அனுப்பியிருந்தார். அது ஷொப்பிங் பையில் சுற்றியபடி அலுமாரிக்குள் கிடந்தது. “பிள்ளை, கண்ணாடித் துண்டைத் தடவுற மாதிரிக் கிடக்கு. எதைத் தொட்டா என்ன நடக்குதெண்டு தெரியேல்லை” என்றார். அதற்குச் சில நாட்களுக்கு முன் ஒரு இரவு அவருடைய மனைவிக்குக் கடும் காய்ச்சல். மனைவி எழும்ப முடியாமல் படுத்திருந்தார். ஐயா வாசலில் நின்று அயலவரைக் கூப்பிட்டபடியே விடியும்வரை இருந்திருக்கிறார். தொலைபேசி வீட்டில்தான் இருந்தது.

பொருள் வீட்டில் இருப்பது மட்டும் போதாது. அவர் தன் கையால், வேறொருவர் துணையில்லாமல் பாவிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். அப்படியான பொருளைத் தெரிவு செய்ய உதவுவதற்காகவே இந்தப் பக்கங்கள்.

முதலாவது விதி: பாவிப்பவரே தெரிவு செய்யட்டும்

கடைக்குப் போகும்போது அவரையும் கூட்டிச் செல்லுங்கள். பொருளை அவருடைய கையில் கொடுங்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு, அவரே போட்டு நிறுத்திப் பார்க்கும்வரை பொறுத்திருங்கள். நீங்கள் தனியாகப் போக நேர்ந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதே வேலையைச் செய்து பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அவருக்கும் கடினம்தான்.

வெடிப்பில் கண் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காதும் பாதிக்கப்பட்டிருக்கலாம். வயதானவர்களுக்கும் கேட்டல் குறைந்திருக்கலாம். ஆகவே இரண்டு காதிலும் வைத்துப் பார்த்து, எந்தக் காதில் தெளிவாகக் கேட்கிறது, சத்தம் போதுமா என்று கேளுங்கள்.

வானொலி: எதைப் பார்த்து வாங்குவது?

வானொலி பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதல்ல. ஐப்பசி முதல் மார்கழி வரை வங்காள விரிகுடாவில் தாழமுக்கமும் புயலும் உருவாகும் காலம். 2020 டிசம்பரில் புரேவி புயல் வடக்கு கிழக்குக் கரையைத் தாக்கியது நினைவிருக்கும். மின்சாரம் நின்றுபோய்த் தொலைபேசிக் கோபுரங்களும் வேலை செய்யாத நேரத்தில், பற்றறியில் இயங்கும் வானொலி ஒன்றே செய்தி சொல்லும்.

திருகும் வகை: அலைவரிசையைத் திருகு குமிழால் மாற்றும் பழைய வகை வானொலி பார்வையற்றவருக்கு மிகவும் வசதியானது. குமிழை எவ்வளவு திருப்பினோம் என்பதைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும். நிலையத்தைக் காது கண்டுபிடித்துவிடும். சத்தக் குமிழைத் திருப்பும்போது “டிக்” என்று கேட்டு நிற்கும் வகையானால் இன்னும் நல்லது. வானொலி நின்றுவிட்டதா, சத்தம் மட்டும் குறைந்திருக்கிறதா என்று குழம்பத் தேவையில்லை.

இலக்கத் திரை வகை: இதில் நிலையத்தின் எண் திரையில்தான் தெரியும். ஆனால் விருப்பமான நிலையங்களைப் பதிந்து வைக்கத் தனித்தனிப் பொத்தான்கள் இருந்தால் பாவிக்கலாம். ஒரே பொத்தானுக்கு நாலு வேலை கொடுத்திருக்கும் வகையைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

மெமரி கார்ட் போடும் சிறிய வகை: பாட்டு, பக்திப் பாடல், பிரசங்கம், பாடப் பதிவு ஆகியவற்றைச் சேமித்துக் கேட்கலாம். இவற்றில் பெரும்பாலும் ஒரு பொத்தானைச் சிறிது நேரம் அமர்த்தினால் ஒரு வேலை, நீண்ட நேரம் அமர்த்தினால் வேறு வேலை. பழகக்கூடியவர்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

மின்சாரம்: வீட்டுக்கு இன்னும் மின் இணைப்புக் கிடைக்காவிட்டால் பற்றறியிலும் இயங்கும் வானொலியே வேண்டும். சூரிய ஒளியில் சார்ஜ் ஆவதும், கையால் சுற்றிச் சார்ஜ் செய்வதும் கடைகளில் உண்டு. சாதாரண பற்றறியானால் அவரே மாற்றப் பழக்குங்கள். பற்றறியின் தட்டையான பக்கம் பொதுவாகச் சுருள் கம்பியின் பக்கம் வரவேண்டும், குமிழ் உள்ள பக்கம் மற்றப் பக்கம் வரவேண்டும். இதை விரலாலேயே அறியலாம். பழைய பற்றறியையும் புதியதையும் கலந்து போடாதீர்கள்.

வைக்கும் இடம்: வானொலிக்கு வீட்டில் ஒரே இடம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் எடுத்தாலும் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். மெல்லிய சத்தத்தில் பாடிக்கொண்டிருக்கும் வானொலி இன்னொரு வழியிலும் உதவும். முற்றத்தில் நிற்பவருக்கு வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அது காட்டும். ஆனால் வீதியருகே நிற்கும்போதும் அடுப்படியில் வேலை செய்யும்போதும் வானொலியைக் குறைத்துவிடுங்கள். வாகனம் வருவதையும் எண்ணெய் பொரிவதையும் அவர் காதாலேயே அறிகிறார். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பற்றறியில் கேட்கலாம்.

கைத்தொலைபேசி: பொத்தானா, தொடுதிரையா?

இரண்டும் பாவிக்கலாம். யாருக்கு, எதற்கு என்பதைப் பொறுத்தது.

பொத்தான் தொலைபேசி: அழைப்பு எடுக்கவும் வரும் அழைப்புக்குப் பதில் சொல்லவும் மட்டும் வேண்டுமானால் இதுவே போதும். விலையும் குறைவு, சார்ஜும் சில நாள் நிற்கும். வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

• பொத்தான்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக மேலெழுந்து இருக்க வேண்டும்.
• 5ஆம் இலக்கத்தின் மேல் அல்லது அருகில் சிறு புள்ளியோ கோடோ விரலில் தட்டுப்பட வேண்டும். அதுதான் நடு அடையாளம்.
• அழுத்தும்போது இலக்கத்தைக் குரலில் சொல்லும் வசதி சில மலிவான தொலைபேசிகளில் உண்டு. கடையில் கேட்டுப் பாருங்கள்.
• ஒரு இலக்கத்தை நீண்ட நேரம் அமர்த்தினால் பதிந்து வைத்தவருக்கு அழைப்புப் போகும் வசதி வேண்டும். உதாரணமாக 2இல் மகள், 3இல் அயல்வீடு, 4இல் கிராம அலுவலர் என்று பதியலாம்.
• வானொலியும் சேர்ந்திருந்தால் நல்லது. சிலவற்றில் இயர்போன் குத்தினால்தான் வானொலி கேட்கும். அதையும் பார்த்து வாங்குங்கள்.

5ஐ நடுவாகக் கொண்டு மற்ற இலக்கங்களைக் கற்றுக்கொடுங்கள். அதற்கு இடதுபுற மேல் மூலையில் 1, வலதுபுறக் கீழ் மூலையில் 9. 5க்கு நேர் கீழே 8, அதற்கும் கீழே 0. இது பிடிபட்டால் அவசர இலக்கங்கள் மூன்றையும் யாரும் பார்க்காமலே அழுத்தலாம்: இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. தொலைபேசியை நிறுத்தி வைத்துவிட்டு விரலால் பலமுறை பழகச் சொல்லுங்கள். அம்புலன்ஸ் வருவதற்கு வழி சொல்ல வேண்டும். அதனால் வீட்டுக்கு அருகே உள்ள கோயில், பாடசாலை, சந்தி ஆகியவற்றின் பெயர்களோடு முகவரியைச் சொல்லவும் பழக்குங்கள்.

தொடுதிரைத் தொலைபேசி: இது பார்வையற்றவருக்கு ஆகாது என்று நினைப்பது தவறு. அன்ட்ரொய்ட் தொலைபேசிகளில் டோக்பேக் என்ற வாசிப்பு வசதியும் ஐபோனில் வொய்ஸ்ஓவர் என்ற வசதியும் உண்டு. இவற்றுக்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. விரல் தொடும் இடத்தில் உள்ளதைத் தொலைபேசி வாசிக்கும். திறப்பதற்கு இரண்டு முறை தட்ட வேண்டும். பக்கத்தை நகர்த்த டோக்பேக்கில் இரண்டு விரலாலும் வொய்ஸ்ஓவரில் மூன்று விரலாலும் தள்ள வேண்டும். வலப்பக்கம் ஒரு விரலால் தள்ளினால் அடுத்ததை வாசிக்கும்.

வாங்குமுன் செட்டிங்ஸில் அக்ஸெஸிபிலிட்டி என்ற பகுதியைத் திறந்து, டோக்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். விலை மிகக் குறைந்த சில தொலைபேசிகளில் அது இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் போட்டுப் பார்த்து, சொல்வது தாமதமில்லாமல் கேட்கிறதா என்று கவனியுங்கள். தமிழ்க் குரலைக் கூகிளின் பேச்சு வசதியில் தரவிறக்கலாம். நல்ல இணைப்புள்ள இடத்தில் அதைச் செய்துவிட்டு ஊருக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு எச்சரிக்கை. டோக்பேக் இயங்கும்போது பார்வையுள்ளவருக்குத் தொலைபேசி பழுதானது போலத் தோன்றும். ஒருமுறை தட்டினால் எதுவும் திறக்காது. உடனே அதை நிறுத்திவிடாதீர்கள். பல தொலைபேசிகளில் சத்தத்தைக் கூட்டும் குறைக்கும் இரு பொத்தான்களையும் சேர்த்து மூன்று வினாடி அமர்த்தினால் டோக்பேக் நிற்கும். மறுபடி அப்படியே அமர்த்தினால் இயங்கும். உங்கள் வேலை முடிந்ததும் மறக்காமல் மீண்டும் போட்டுக் கொடுங்கள்.

எழுத முடியாதவர் வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேச இது நல்ல வழி. இயர்போன் பாவிப்பவர் ஒரு காதில் மட்டும் மாட்டட்டும். மற்றக் காது சுற்றுப்புறத்துக்கு வேண்டும்.

தமிழ்நாட்டில் இருந்து திரும்பும் குடும்பங்களுக்கு

இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அங்கே பாவித்த வானொலியும் சார்ஜரும் இங்கும் இயங்கும். அங்கே பிளக் முனை உருண்டை, இங்கே பல வீடுகளில் சதுர முனை பொருத்தும் இடமே இருக்கும். அதற்கான அடப்டரை வாங்கிக்கொள்ளுங்கள். வயரை நேராகச் செருகுவது எவருக்கும் ஆபத்து. பார்வையற்றவருக்கு இன்னும் ஆபத்து. ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும் வேலை செய்யுமாறு பூட்டப்பட்ட தொலைபேசியானால் இங்குள்ள சிம் அதில் வேலை செய்யாது. புறப்படுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாத அடையாளங்கள்

• முக்கியமான பொத்தான் மேல் ஒரு துளி நகப்பூச்சு அல்லது பசை வைத்துக் காயவிடுங்கள். மேடாக விரலில் தட்டுப்படும்.
• அவருடைய சார்ஜர் வயரில் ஒரு இறப்பர் வளையம் சுற்றுங்கள். மற்றவர்களுடையதோடு மாறாது.
• ரைப்-சி சார்ஜர் எந்தப் பக்கமும் பொருந்தும். மைக்ரோ யூஎஸ்பி ஒரு பக்கம் மட்டுமே பொருந்தும். தடுமாறாமல் செருக, அதன் மேற்பக்கத்தில் அடையாளம் வையுங்கள்.
• சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பொத்தான் தொலைபேசியில் அவர் காண முடியாது. ஆகவே தினமும் ஒரே நேரத்தில் சார்ஜ் போடும் வழக்கத்தை வையுங்கள்.

பணமும் இரகசியமும்

ரீலோட் போடவும் குறுஞ்செய்தி வாசிக்கவும் அவர் மற்றவரை நம்பவேண்டி வருகிறது. வங்கியில் இருந்து வரும் இரகசிய இலக்கத்தைக் கேட்டு யாராவது அழைத்தால் சொல்லக்கூடாது என்று விளக்குங்கள். அவருக்கு வந்த செய்தியை அவர் கேட்கும்போது முழுவதுமாக வாசித்துக் காட்டுங்கள். கேட்காமல் திறந்து பார்க்காதீர்கள். தொலைபேசி அவருடையது.

கருவி செய்யாத ஒரு வேலை

கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ணுக்காக வைக்கப்பட்டது. வானொலியையோ தொலைபேசியையோ நம்பி அதை அறிய முடியாது. துப்புரவு முடிந்த பாதை எது, போகக்கூடாத பக்கம் எது என்பதை வீட்டாரே அவரை நடத்திக் கூட்டிச் சென்று காட்ட வேண்டும். புதிய அறிவித்தல் வந்தால் அன்றே சொல்லவும் வேண்டும்.

உதவி கேட்கும் இடம்

வலுவிழந்தோருக்கான உதவிகள் பற்றிக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள். குடாநாட்டில் சுன்னாகம் வாழ்வகமும் கைதடி நவீல்ட் பாடசாலையும் விழிப்புலனற்ற பிள்ளைகளோடு நீண்டகாலம் வேலை செய்பவை. பிள்ளையின் படிப்புப் பற்றி அங்கே கேட்கலாம். ஏற்கெனவே டோக்பேக் பாவிக்கும் பார்வையற்ற ஒருவர் உங்கள் பகுதியில் இருந்தால், அவரிடம் ஒரு மணித்தியாலம் பழகுவது எங்கள் விளக்கத்தைவிடக் கூடுதலாக உதவும்.

கையில் காசு குறைவென்றால் முதலில் பொத்தான் தொலைபேசி, அடுத்தது பற்றறி வானொலி, பிறகு தொடுதிரை என்ற வரிசையில் வாங்குங்கள்.

அந்த ஐயாவுக்கு அயலவர் ஒருவர் தன் பழைய பொத்தான் தொலைபேசியைக் கொடுத்தார். மூன்று இலக்கங்களைப் பதிந்து, 5இன் மேல் நகப்பூச்சு வைத்தோம். அலுமாரியில் கிடந்த தொலைபேசியில் பேத்தி டோக்பேக்கைப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்துப் போனபோது பெரிய தொலைபேசியில் மகனின் குரல் செய்தியை அவரே திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். சின்னத் தொலைபேசி தலையணைக்குக் கீழே இருந்தது. “இரவில இதுதான் கைக்கு வரும்” என்றார்.