வேற்றுமையும் தற்செயலும்

இரு கூட்டத்தாரிடையே காணப்படும் வேற்றுமை மெய்யானதா, தற்செயலானதா? இதனை அளந்தறியும் வழியைப் புள்ளிவிபரவியல் காட்டுகின்றது.

1954ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து சோதிக்கப்பட்டது. எழுமாறாகப் பிரிக்கப்பட்ட சிறுவருள் 200,745 பேருக்கு மருந்தும், 201,229 பேருக்கு அதே தோற்றமுடைய மருந்தற்ற திரவமும் ஏற்றப்பட்டன. எவருக்கு எது கிடைத்ததென்பதைப் பெற்றோரும் வைத்தியரும் அறிந்திலர். முன்னவருள் 57 பேருக்கும் பின்னவருள் 142 பேருக்கும் நோய் கண்டது. அஃதாவது, இலட்சம் பேருக்கு முறையே 28.4, 70.6. வேற்றுமை 42.2.

மருந்தினால் பயனே இல்லையென முதற்கண் கொள்க. அப்போது இரு கூட்டத்துக்கும் நோய் வீதம் ஒன்றே. அப்பொது வீதத்தைக் கொண்டு, தற்செயலால் மட்டும் நேரக்கூடிய ஏற்றத்தாழ்வைக் கணிக்கலாம். நியம வழு எனப்படும் அந்த அளவு இங்கு இலட்சத்துக்கு ஏறக்குறைய 7. வேற்றுமை இதன் இரு மடங்கைத் தாண்டுவதே தற்செயலால் சுமார் இருபதில் ஒரு முறைதான் நேரும். இங்கோ ஆறு மடங்கு! ஆகவே, பயனில்லை என்னும் கருதுகோள் நிலைக்கவில்லை. 1955 ஏப்ரல் 12ஆம் நாள் மருந்து பயனுடையதென அறிவிக்கப்பட்டது.

கூட்டத்துக்கு ஈராயிரம் பேரை மட்டும் சோதித்திருந்தால், மருந்து பெறாதாருள்ளும் ஓரிருவரே நோயுற்றிருப்பர். மருந்தின் மெய்ப்பயன் தற்செயலினின்றும் பிரித்தறியப்படாது போயிருக்கும்.