பேக் ஹேண்ட்ஸ்பிரிங்: உத்தியும் திருத்தமும்

பேக் ஹேண்ட்ஸ்பிரிங் என்பது சீருடற்பயிற்சியில் (ஜிம்னாஸ்டிக்ஸ்) பின்னோக்கிப் பாய்ந்து, கைகளைத் தரையில் ஊன்றி, தலைகீழ் நிலையைக் கடந்து மீண்டும் கால்களில் வந்து நிற்கும் அசைவு ஆகும். பிளிக்-பிளாக் என்றும் இதனை அழைப்பர். பின்பல்டியில் கை தரையைத் தொடாது, இதில் தொடும். போட்டிகளில் இது தனியே செய்யப்படுவது குறைவு. அடுத்து வரும் பல்டிக்கு வேகம் சேர்த்துத் தருவதே இதன் வேலை. ஆகவே உயரமாகப் பாய்வதைவிடப் பின்னோக்கி நீளமாகப் பாய்வதே முக்கியம்.

பிழைகளில் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே நேர்கின்றன. கைகளை வீசியபடி, இல்லாத நாற்காலியில் அமர்வதுபோல இடுப்பைப் பின்னே கொண்டுசெல்ல வேண்டும். எடை குதிகாலுக்கு வந்து, உடல் பின்னே சாயத் தொடங்கிய பிறகே கால்களால் உந்த வேண்டும். விழப்போகும் அந்தக் கணத்தை அஞ்சி மாணவர் முன்கூட்டியே மேல்நோக்கிக் குதித்துவிடுகிறார். முழங்கால்கள் கால்விரல்களைத் தாண்டி முன்னே வருவது இதன் அடையாளம். அப்போது கைகள் பாதங்களுக்கு அருகிலேயே ஊன்றப்பட்டு, உடல் எடை மணிக்கட்டிலும் தோளிலும் அழுந்துகிறது. பாதம் இருந்த இடத்தையும் கை ஊன்றிய இடத்தையும் சாக்கட்டியால் குறித்துப் பார்த்தால் முன்னேற்றம் தெரிந்துவிடும்.

தரையைத் தேடித் தலையை வெடுக்கெனப் பின்னே எறிவது இன்னொரு பிழை. தலை இரு கைகளுக்கு இடையிலேயே இருக்க வேண்டும். முழங்கை மடங்கினால் தலை தரையில் மோதும் ஆபத்து உண்டு. விரல்களைச் சற்றே உட்புறமாகத் திருப்பி ஊன்றுவது, முழங்கை பின்புறமாக வளைந்துவிடாமல் காக்கும். பிறகு தோளால் தரையைத் தள்ளி, சேர்ந்த கால்களை விரைவாகக் கீழே கொண்டுவர வேண்டும்.

சுவரில் முதுகு சாய்த்து அமரும் நிலை, பின்னே அடுக்கிய மெத்தைமேல் மல்லாந்து பாய்தல், உருளை மெத்தை, சரிவு மெத்தை என்ற வரிசையில் பழகுவது நல்லது. கைகளில் தலைகீழாக நிற்கத் தெரியாதவருக்கு இதைக் கற்பிப்பது வீண் அவசரம். தாங்கும் பயிற்சியாளர் ஒரு கையை இடுப்பின் பின்புறத்திலும் மறுகையைத் தொடையின் பின்புறத்திலும் வைப்பார். வளரும் பிள்ளைகளின் ஆரை எலும்பில் மணிக்கட்டருகே வளர்ச்சித் தட்டு உள்ளது. அங்கே வலி தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும்.

10 செ.மீ. அகலமே உள்ள சமநிலைக் கட்டையிலும் இது செய்யப்படுகிறது. அதில் பிளிக்-பிளாக் செய்து, கால்களை இருபுறமும் இட்டுக் கட்டைமேல் அமரும் அசைவு சோவியத் வீராங்கனை ஓல்கா கோர்புட் பெயரால் வழங்குகிறது. தாண்டு கருவியில் இதைப் புகுத்தியவர் அதே நாட்டின் நடாலியா யூர்ச்சென்கோ. ஓடிவந்து, பக்கவாட்டில் கை ஊன்றித் திரும்பும் ரவுண்ட் ஆஃப் மூலம் உந்துபலகைமேல் இறங்கி, அங்கிருந்து பின்னோக்கிப் பாய்ந்து கருவியில் கை ஊன்றும் முறை இது. 1988இல் டோக்கியோவில் இதற்கான முன்பயிற்சியின்போது அமெரிக்க வீராங்கனை ஜூலிசா கோமஸின் கால் உந்துபலகையில் தவறியது. தலை கருவியில் மோதி, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. 1991இல் அவர் இறந்தார். இன்று இவ்வகைத் தாண்டலுக்கு உந்துபலகையைச் சுற்றிப் பாதுகாப்பு மெத்தை கட்டாயம். அது இல்லாமல் தாண்டினால் மதிப்பெண் பூச்சியம். குறுகிய குதிரை வடிவக் கருவிக்குப் பதிலாக 2001 முதல் அகன்ற மேசை பயன்படுகிறது.